சுழியம் என்றால் வெற்றி: ஷெல் ஸ்கிரிப்டுகளுக்குச் சோதனை வந்த வரலாறு

2021 டிசம்பர் நடுவில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினியின் சேமிப்பகத்திலிருந்து ஏறத்தாழ 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்துபோயிற்று. அழிந்த கோப்புகள் சுமார் 3 கோடியே 40 இலட்சம். பாதிக்கப்பட்ட ஆய்வுக்குழுக்கள் 14. அவற்றுள் 4 குழுக்களின் தரவை மீட்க வழியே இல்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. தீவிபத்தோ ஊடுருவலோ இதற்குக் காரணமில்லை. காப்புநகல் எடுக்கும் பணியில் இருந்த ஒரு ஷெல் ஸ்கிரிப்டே காரணம். பத்து நாளுக்கு மேற்பட்ட பதிவேட்டுக் கோப்புகளை நீக்க வேண்டிய ஒரு வரி, நீக்கக்கூடாத அடைவில் கைவைத்துவிட்டது. கணினியை வழங்கிய நிறுவனம் முழுப்பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. எனினும் போன தரவு போனதுதான்.

தரவைக் காப்பதற்கென்றே எழுதப்பட்ட ஸ்கிரிப்ட் தரவை அழித்தது என்பது விந்தையாகத் தோன்றலாம். ஷெல்லின் வரலாற்றை அறிந்தவர்க்கு அது விந்தையன்று. அந்த விபத்தின் வேர் அரைநூற்றாண்டுக்கு முன்பே ஊன்றப்பட்டது. அதைத் தடுக்கும் கருவிகளும் ஏறக்குறைய அதே காலத்தில் தோன்றியவையே. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்க ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்பதே இங்கு ஆராய வேண்டியது.

கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்து இயக்கும் எண்ணம் யூனிக்ஸுக்கு முந்தியது. எம்.ஐ.டி.யின் சி.டி.எஸ்.எஸ். என்னும் காலப்பகிர்வு அமைப்பில் 1960களின் முற்பகுதியில் லூயி பூசான் என்னும் பிரெஞ்சுக் கணினியியலாளர் 'ரன்காம்' என்ற நிரலை எழுதினார். 'ஷெல்' என்ற பெயரையும் அவரே இட்டார். இன்றும் யூனிக்ஸ் அமைப்புக் கோப்புகளின் பெயரின் இறுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஆர்சி' என்னும் ஈரெழுத்து அந்த ரன்காமின் எச்சமே.

1971இல் வெளிவந்த யூனிக்ஸ் முதற்பதிப்பில் கென் தாம்சன் எழுதிய ஷெல் இருந்தது. அது மிகச் சிறியது. 'இஃப்' என்னும் நிபந்தனையும் 'கோட்டு' என்னும் தாவலும் ஷெல்லின் உறுப்புகளாக இல்லாமல் தனித்தனி நிரல்களாக இருந்தன. 'கோட்டு' இயங்கிய விதம் வியப்புக்குரியது. ஷெல் தன் ஸ்கிரிப்டை வரிவரியாகப் படித்துக்கொண்டே செல்லும். 'கோட்டு' நிரல் அந்தக் கோப்பில் வாசிப்பு நிற்கும் இடத்தை முன்னும் பின்னும் நகர்த்திவிட்டு முடிந்துவிடும். ஷெல் அந்தப் புதிய இடத்திலிருந்து படிப்பைத் தொடரும். ஸ்கிரிப்ட் என்பது முழுமையாக வாசித்து, பொருள்கொண்டு, பின்னர் இயக்கப்படும் நூலன்று; படிக்கப் படிக்க நடத்தப்படும் சடங்கு. இந்த இயல்பு பின்வந்த ஷெல்களிலும் தொடர்ந்தது. 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளியிட்ட 'பாஷ்' ஷெல்லும் ஸ்கிரிப்டைச் சிறிது சிறிதாகவே படிக்கிறது.

கியோட்டோவில் நடந்தது இதுதான். ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் திருத்திய வடிவம் அதே கோப்பின்மேல் எழுதப்பட்டது. திருத்தத்தின் நோக்கம் நல்லது: மாறிகளின் பெயரை மாற்றி, படிப்போர்க்கு எளிதாக்குவது. ஆனால் ஓடிக்கொண்டிருந்த ஷெல் முதற்பாதியைப் பழைய கோப்பிலிருந்தும் மறுபாதியைப் புதிய கோப்பிலிருந்தும் படித்தது. புதிய பெயருடைய மாறிகளுக்கு மதிப்பு தரும் வரிகள் படிக்கப்படவே இல்லை. மதிப்பற்ற மாறிகளோடு அழித்தல் கட்டளை இயங்கியது.

இனி மறுபக்கம். சோதனைக்கு வேண்டிய அடிப்படைகள் ஷெல்லில் எப்போது வந்தன? 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் இடம்பெற்றது. அல்கால் மொழியில் பற்றுடைய போர்ன், 'இஃப்' என்று தொடங்குவதை 'ஃபி' என்றும் 'கேஸ்' என்று தொடங்குவதை 'எசாக்' என்றும் தலைகீழாக முடித்தார். 'டு' என்பதை மட்டும் 'ஓடி' என்று முடிக்க இயலவில்லை. அப்பெயரில் வேறொரு கட்டளை முன்பே இருந்தது. எனவே அது 'டன்' ஆயிற்று.

அந்தப் பதிப்பில் மூன்று முக்கியமான வசதிகள் இருந்தன. முதலாவது, ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். சுழியம் வந்தால் வெற்றி, வேறெது வந்தாலும் தோல்வி. வெற்றி ஒரு வகைதான், தோல்விக்கோ பல வகை உண்டு. ஆகவே தோல்விக்குப் பல எண்களை ஒதுக்கிய இந்த ஏற்பாடு ஆழ்ந்த அறிவுடையது. இரண்டாவது, 'டெஸ்ட்' என்ற பெயரிலேயே ஒரு கட்டளை. கோப்பு இருக்கிறதா, சரம் வெறுமையா, இரு எண்கள் சமமா என்று கேட்டால் சுழியமாகவோ ஒன்றாகவோ விடை தரும். மூன்றாவது, 'செட்' கட்டளையின் விருப்பத்தேர்வுகள். 'செட் -இ' என்றால் ஒரு கட்டளை தோற்றவுடன் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். 'செட் -யு' என்றால் மதிப்புத் தரப்படாத மாறியைப் பயன்படுத்தியவுடன் நின்றுவிடும். கியோட்டோவின் தரவைக் காத்திருக்கக்கூடிய அந்த ஒரு வரி, விபத்துக்கு 42 ஆண்டுகளுக்கு முன்பே கையேட்டில் அச்சாகியிருந்தது.

கருவி இருந்தும் வழக்கம் ஏன் உருவாகவில்லை? ஷெல் ஸ்கிரிப்டை எவரும் நிரலாகக் கருதவில்லை என்பதே முதற்காரணம். சி மொழியில் எழுதினால் அது நிரல். ஷெல்லில் எழுதினால் அது 'பசை', நிரல்களை ஒட்டவைப்பது. ஒட்டுவேலையை யார் சோதிப்பார்கள்? இரவோடிரவாக எழுதப்படும் பத்து வரி, மறுநாள் ஒரு வேலையை முடிக்கும். ஓராண்டில் முந்நூறு வரியாக வளரும். எழுதியவர் வேறிடம் சென்றபின் யாரும் தொட அஞ்சும் பொருளாகிவிடும். இரண்டாவது காரணம் இன்னும் அடிப்படையானது. கணித நூலகம் ஒன்றைச் சோதிப்பது எளிது: உள்ளீடு தந்து வெளியீட்டைப் பார்த்தால் போதும். ஷெல் ஸ்கிரிப்டின் உள்ளீடோ கணினி முழுவதும். அதன் வெளியீடும் கணினி முழுவதும். கோப்புகளை நகர்த்துவதும் அழிப்பதுமே அதன் தொழில். அதைச் சோதித்துப் பார்ப்பதே ஆபத்து என்ற அச்சம் நியாயமானதே.

இந்நிலையில் சோதனை மரபு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1987 டிசம்பரில் லாரி வால் பெர்ல் மொழியின் முதற்பதிப்பை வெளியிட்டார். பலவகை யூனிக்ஸ் கணினிகளில் அது சரியாக இயங்குகிறதா என்று பயனரே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காக அவர் வகுத்த முறை எளிமையின் உச்சம். ஒவ்வொரு சோதனை நிரலும் முதலில் தான் செய்யவிருக்கும் சோதனைகளின் எண்ணிக்கையை அச்சிடும். பிறகு ஒவ்வொன்றுக்கும் 'ஓகே' அல்லது 'நாட் ஓகே' என்று ஒரு வரியும் அதன் எண்ணும் அச்சிடும். எண்ணிக்கையை முன்கூட்டியே சொல்வதில் ஒரு நுட்பம் உண்டு: பத்து சோதனை என்று அறிவித்துவிட்டு ஏழோடு நிரல் மடிந்தால், அதுவும் தோல்வியென்று தெரிந்துவிடும். பின்னாளில் 'டாப்' என்று பெயர்பெற்ற இந்த நெறிமுறைக்குத் தேவைப்பட்டது ஒரு வரியை அச்சிடும் ஆற்றல் மட்டுமே. ஆகவே அது எந்த மொழிக்கும் பொருந்தியது. ஷெல்லுக்கு மிக நன்றாகப் பொருந்தியது.

வேறொரு கிளையும் உண்டு. கென்ட் பெக் ஸ்மால்டாக் மொழிக்கென 1994இல் முன்வைத்த சோதனைச் சட்டகத்தை ஒட்டி, அவரும் எரிக் காமாவும் 1997இல் ஜாவாவுக்கு 'ஜேயூனிட்' எழுதினர். அதன் வழியில் மொழிதோறும் 'யூனிட்' என்று முடியும் சட்டகங்கள் பிறந்தன. ஷெல்லுக்கு அவ்வாறு பிறந்தவற்றுள் நிலைத்தது கேட் வார்ட் எழுதிய 'எஸ்எச்யூனிட்2'. சோதனைக்கு முன் மேடை அமைப்பது, சோதனைக்குப்பின் அதைக் கலைப்பது என்னும் ஒழுங்கை அது ஷெல்லுக்குக் கொண்டுவந்தது.

இவற்றையெல்லாம் விட, ஷெல் சோதனையின் வலிமையை உலகுக்குக் காட்டியது கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவியே. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, அதே ஆண்டு ஜூலையில் ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்த திட்டம் அது. தொடக்கத்தில் கிட்டின் பல கட்டளைகள் ஷெல் ஸ்கிரிப்டுகளாகவே இருந்தன. அவற்றைச் சோதிக்கும் தொகுதியும் முதலாண்டிலேயே ஷெல்லில் எழுதப்பட்டது. ஒவ்வொரு சோதனையும் தனக்கென ஒரு குப்பை அடைவை உருவாக்கிக்கொண்டு அதற்குள் இயங்கும். மெய்யான கோப்பு எதையும் தொடாது. சோதிப்பதே ஆபத்து என்ற பழைய அச்சத்துக்கு இது விடை. 2008இல் அந்த அடைவின் பெயரில் வேண்டுமென்றே ஓர் இடைவெளி சேர்க்கப்பட்டது. மேற்கோள் குறி இடாமல் எழுதப்பட்ட ஒரு மாறி எங்கேனும் இருந்தால், அந்த இடைவெளியில் தடுக்கி விழுந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்பதே நோக்கம்.

அந்த ஓர் இடைவெளியின் அருமையை உணர இரு நிகழ்ச்சிகள் போதும். 2001 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐட்யூன்ஸ் 2.0இன் நிறுவல் ஸ்கிரிப்டில் ஒரு மாறிக்கு மேற்கோள் குறி இல்லை. வட்டின் பெயரில் இடைவெளி வைத்திருந்த பயனர் சிலரின் வட்டுப் பகுதிகளே துடைக்கப்பட்டன. நிறுவனம் விரைந்து திருத்திய பதிப்பை வெளியிட்டது. 2011இல் பம்பிள்பீ என்னும் லினக்ஸ் கருவியின் நிறுவல் ஸ்கிரிப்டில் ஒரு பாதையின் நடுவே தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்திருந்தது. ஒரு சிறு கோப்புறையை நீக்க வேண்டிய கட்டளை 'யூஎஸ்ஆர்' என்னும் அடைவு முழுவதையும் நீக்கியது. இரண்டும் ஒரே ஒரு வெற்றிடத்தின் விளைவுகள்.

கிட்டின் சோதனைத் தொகுதி இன்னொரு பாடத்தையும் தந்தது. காலப்போக்கில் அதன் ஷெல் கட்டளைகள் வேகம் கருதி ஒவ்வொன்றாகச் சி மொழிக்கு மாற்றப்பட்டன. 2018இன் இறுதியில் 'ரீபேஸ்', 2019இல் 'ஸ்டாஷ்' என்று அப்பணி நடந்தது. மொழி மாறிற்று, உட்கட்டமைப்பு முழுதும் மாறிற்று. சோதனைகளின் பெரும்பகுதி மாறவில்லை. அவை உட்புறத்தைப் பார்க்காமல், இந்தக் கட்டளையை இப்படி இட்டால் இந்த விளைவு வரவேண்டும் என்று மட்டுமே கேட்டன. ஸ்கிரிப்ட் மறைந்தபின்னும் சோதனை வாழ்ந்தது. எழுதியவர் மனத்தில் மட்டும் இருந்த ஒப்பந்தம் சோதனையாக எழுதப்பட்டதால், பின்வந்தோர் துணிவோடு மாற்ற முடிந்தது.

2011இல் சாம் ஸ்டீபன்சன் எழுதிய 'பேட்ஸ்' இவ்வனைத்தையும் சாதாரண நிரலாளரின் கைக்குக் கொண்டுவந்தது. ஒரு சோதனைக்கு ஒரு பெயர், அதன்கீழ் சில வரி ஷெல். எந்த வரி தோற்றாலும் சோதனை தோற்கும். 'ரன்' என்னும் துணைக்கட்டளை ஒரு ஸ்கிரிப்டை இயக்கி, அது திருப்பிய எண்ணையும் அச்சிட்ட எழுத்தையும் இரு மாறிகளில் பிடித்துத் தரும். வெளியீடு பெர்ல் வகுத்த அதே 'ஓகே' வரிகள். மூலத் திட்டம் பராமரிப்பின்றித் தேங்கியபோது, 2017இல் பயனர்களே 'பேட்ஸ் கோர்' என்ற கிளையாக அதை எடுத்து நடத்தத் தொடங்கினர். இதனிடையே 2012இல் விதார் ஹோலன் எழுதிய 'ஷெல்செக்', ஸ்கிரிப்டை இயக்காமலே படித்து, மேற்கோள் இல்லாத மாறிகளையும் வெறுமையாகக்கூடிய பாதைகளையும் சுட்டிக்காட்டியது.

இக்கருவிகளால் எதைச் சோதிப்பது? பதிவேட்டுக் கோப்புகளுள் பழையவற்றை நீக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்டை எடுத்துக்கொள்ளலாம். ஒரு தற்காலிக அடைவு உருவாக்கி, 'டச்' கட்டளையால் தேதியைப் பின்னோக்கி இட்டு, ஒன்பது நாள் பழைய கோப்பொன்றும் பன்னிரண்டு நாள் பழைய கோப்பொன்றும் வைத்துப் பார்ப்பது முதற்சோதனை. பத்தரை நாள் பழைய கோப்பை வைப்பது இரண்டாவது. 'ஃபைண்ட்' கட்டளையில் 'பத்து நாளுக்கு மேல்' என்று எழுதினால், அது பின்னத்தை விட்டுவிட்டு முழுநாள்களை மட்டும் எண்ணும். ஆகவே பதினொரு நாள் நிறையாத கோப்பு தப்பிவிடும். கையேட்டை ஊன்றிப் படியாதவர்க்கு இதைச் சோதனையே கற்பிக்கும். அடைவின் பெயரில் இடைவெளி வைப்பது மூன்றாவது. அடைவே இல்லாதபோது ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்பது நான்காவது. அடைவின் பெயரைத் தாங்கும் மாறி வெறுமையாக இருந்தால், சுழியமல்லாத எண்ணோடு நிற்கிறதா, ஒரு கோப்பையும் தொடாமல் நிற்கிறதா என்பது ஐந்தாவது. மெய்யான அழித்தல் கட்டளைக்கு மாற்றாக, அதே பெயரில் ஒரு போலிக் கட்டளையைப் பாதையின் முன்னால் வைத்துவிட்டால், எதை அழிக்கச் சொன்னது என்பதை மட்டும் அது எழுதிவைக்கும். எதுவும் அழியாது.

ஐந்தாவது சோதனை மிகையச்சமன்று. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் ஸ்கிரிப்டில் ஒரு வழு வெளிப்பட்டது. தான் இருக்கும் அடைவைக் கண்டறியும் வரி தோற்றால் மாறி வெறுமையாகும். வெறுமையான மாறிக்குப்பின் ஒரு சாய்கோடும் விண்மீனும் இருந்தன. விளைவு, கணினியின் வேர் அடைவிலிருந்து அனைத்தையும் அழிக்கும் கட்டளை. இணைத்துவைத்திருந்த காப்புநகல் வட்டையும் அது விடவில்லை. அந்த வரிக்கு மேலே, இது அச்சந்தருவது என்று பொருள்படும் ஒரு குறிப்பை எழுதியவரே எழுதிவைத்திருந்தார். அச்சம் குறிப்பாக மட்டும் நின்றுவிட்டது, சோதனையாக மாறவில்லை.

அழிப்பது மட்டுமே ஸ்கிரிப்டின் தீங்கு என்று எண்ணவேண்டா. ஒன்றும் செய்யாமல் இருப்பதும் தீங்கே. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பணியாளர் ஒருவர் தவறான வழங்கியில் தரவுத்தள அடைவை நீக்கிவிட்டார். சரி, காப்புநகல் இருக்குமே என்று தேடியபோது சேமிப்பிடம் வெறுமையாக இருந்தது. காப்புநகல் பணி ஒழுங்காக இயங்கிவருவதாக நம்பப்பட்டது; ஆனால் தரவுத்தளத்தின் பதிப்பும் நகலெடுக்கும் கருவியின் பதிப்பும் பொருந்தாமையால் அது தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் சான்றொப்பம் இல்லையென்று நிராகரிக்கப்பட்டன. ஏறத்தாழ ஆறு மணிநேரத் தரவு மீளவில்லை. அந்நிறுவனம் எதையும் மறைக்காமல் இவ்வனைத்தையும் வெளியிட்டது. நகல் எடுக்கப்பட்டதா என்று கேட்பது போதாது. எடுத்த நகலை வெற்று இடத்தில் மீட்டுப்பார்த்துச் சரியென்று கண்டால்தான் அது சோதனை என்பது அந்த அறிக்கையின் சாரம்.

இனி நேர்மையாகக் கேட்கவேண்டிய கேள்வி: கியோட்டோவைச் சோதனை காப்பாற்றியிருக்குமா? திருத்திய ஸ்கிரிப்டைத் தனியே சோதித்திருந்தால் அது தேறியிருக்கக்கூடும். பழைய ஸ்கிரிப்டும் தேறியதே. பிழை இரண்டிலும் இல்லை. ஒன்று ஓடும்போது மற்றொன்றை அதன்மேல் எழுதிய செயலில் இருந்தது. சோதனை பிழை இருப்பதைக் காட்டவல்லதேயன்றி இல்லாமையை நிறுவவல்லதன்று என்று டைக்ஸ்ட்ரா 1969இலேயே எச்சரித்தார். அந்த எல்லைக்கு இது தக்க சான்று.

ஆயினும் இங்கு கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ஸ்கிரிப்டைச் சோதிக்க விரும்புவோர் முதலில் அதைச் சிறு சிறு செயற்கூறுகளாகப் பிரிப்பர்; எல்லாவற்றையும் அழைக்கும் முதன்மைச் செயற்கூறு ஒன்றை அமைத்து, கோப்பின் கடைசி வரியில் அதை அழைத்து, அத்தோடு வெளியேறுவர். தனித்தனியே அழைத்துச் சோதிப்பதற்காகவே இந்த அமைப்பு. இவ்வாறு எழுதப்பட்ட ஸ்கிரிப்டில், கடைசி வரியை எட்டுமுன் ஷெல் முழுக்கோப்பையும் படித்து முடித்திருக்கும். அதன்பின் கோப்பின்மேல் யார் எதை எழுதினாலும் ஓட்டம் பாதிக்கப்படாது. 'செட் -யு' என்ற வரியும் சோதனை எழுதுவோர் வழக்கமாகச் சேர்ப்பதே. சோதனையின் முடிவு காக்காத இடத்தையும் சோதனைக்காக மேற்கொண்ட ஒழுங்கு காக்கிறது.

இது தொலைதூரத்துச் செய்தியன்று. 2015இல் தொடங்கிய தேசிய மீக்கணினி இயக்கத்தின் வழியே வாரணாசியில் பரம் ஷிவாய், பெங்களூரில் பரம் பிரவேகா என்று இந்தியக் கல்வி நிறுவனங்களில் மீக்கணினிகள் பெருகியுள்ளன. அவற்றில் ஓர் ஆய்வாளர் தம் கணிப்பை ஒப்படைப்பது ஷெல் ஸ்கிரிப்டாகவே. தரவை நகர்த்துவதும் தற்காலிக இடத்தைத் துடைப்பதும் முடிவுகளைத் திரட்டுவதும் ஷெல் ஸ்கிரிப்டே. மூத்த மாணவரிடமிருந்து இளைய மாணவருக்குக் கைமாறி, யார் எழுதியதென்றே தெரியாமல் பத்தாண்டு ஓடும் ஸ்கிரிப்டுகள் ஆய்வுக்கூடந்தோறும் உண்டு. ஆய்வுக்கட்டுரையின் ஒவ்வொரு சமன்பாட்டையும் மும்முறை சரிபார்ப்பவர்களும், அச்சமன்பாட்டுக்கு எண்களைக் கொண்டுவந்து சேர்த்த நாற்பது வரியை ஒருமுறையும் சரிபார்ப்பதில்லை.

வெள்ளம் வருமுன் அணை கோலுவது பழைய அறிவுரை. இங்கே அணைக்கு வேண்டிய கல்லும் மண்ணும் 1979 முதல் ஒவ்வொரு யூனிக்ஸ் கணினியிலும் கிடக்கின்றன: ஒரு தற்காலிக அடைவு, பெயரில் ஓர் இடைவெளி, வெறுமையான ஒரு மாறி, முடிவில் சுழியமா இல்லையா என்ற ஒரு கேள்வி. கோப்புகளை அழிக்கும் வரி எந்த ஸ்கிரிப்டில் இருக்கிறதோ, அந்த ஸ்கிரிப்டிலிருந்து தொடங்குவதே முறை.